மஞ்சள் கேன்

எங்கள் பக்கம் தண்ணீருக்கு விலை உண்டு.
மாட்டுவண்டியில் வரும் மஞ்சள் கேன், இருபது லிட்டர்,
கோடையில் ஒரு கோழிக்குச் சமம்.
ஆற்றைத் தோண்டினால் மணல்,
மணலுக்குக் கீழும் மணல்.
விடியலில் கள்ளி மடலில் திரண்ட பனியை
துணியில் ஒற்றிப் பிழிந்து
பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

அந்த ஊரில்
என் உடம்பு மட்டும் வற்றவில்லை.
சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று பகல், இரண்டு இரவு வலி.
பிள்ளையின் தலை
மழையில் உப்பிய கதவுபோல் நிலையில் இறுகி நின்றது.
ரெமானி வண்டி கட்டினான்.
அம்புவும்பேக்கு ஒன்றரை நாள்.
சக்கரம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கியதில்
உள்ளே அசைவு நின்றுபோனது
முதலில் எனக்குத்தான் தெரிந்தது.
சொல்லவில்லை,
வண்டியைத் திருப்பிவிடுவார்களோ என்று.

அவனைப் புதைத்த ஐந்தாம் நாள் பாய் நனைந்தது.
வியர்வை என்றேன்.
ஆறாம் நாளும் வியர்வை என்றேன்.

பிறகு துணிகள்.
துவைத்தால் குடிக்க இல்லை.
குடித்தால் கசியும்.
குடிக்காமல் கிடந்தால்
அது கெட்டியாகி, தொடையைச் சுட்டு, இன்னும் நாறும்.
இடது பாதம் வேறு தொங்கிப்போயிற்று.
மணலில் என் தடம்:
ஒரு காலடி, ஒரு கோடு.

ரெமானி ஓடிப்போகவில்லை.
எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், நானும்.
அவன் தினமும் இன்னொரு கேன் வாங்கினான்.
எதை விற்று என்று நான் கேட்கவில்லை.
பட்டியில் எண்ணிக்கொண்டேன்:
ஏழு. ஆறு. நான்கு.
எங்களுக்கு மாடு என்பது செத்த பிறகும் கூட வருவது.
கல்லறைமேல் அதன் கொம்புகளை அடுக்குவோம்.
அவன் கல்லறைக்குச் சேர வேண்டிய கொம்புகளை
நான்கு வருடம்
அலசிப் பிழிந்து முள்வேலியில் காயப்போட்டேன்.

ஒரே ஒரு முறை கேனை இறக்கிவைத்து,
"இன்றைக்குக் கொஞ்சம் உவர்ப்பு" என்றான்.
தண்ணீரைத்தான் சொன்னான்.

ரேடியோவில் கேட்டுவந்ததும் அவன்தான்:
தொலன்யாருவில் தைக்கிறார்களாம், காசில்லாமல்.
கரி லாரியில் போனேன்.
மூட்டைமேல் நனைந்தால் தெரியாது,
நானே தேர்ந்த இடம்.

வார்டில் ஒரு குழாய் இருந்தது.
திறந்தால் வந்தது.
மூடினால் நின்றது.
அதையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

டாக்டர் லாந்து உள்ளே நீலச்சாயம் விட்டார்.
வைத்த பஞ்சில் நீலம் ஊறியது.
"இங்கேதான். சுண்டுவிரல் நுழையும்."
சுண்டுவிரல்!

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
நூல் வெட்டும் சத்தத்தை எண்ணினேன்,
பதினொன்றில் விட்டுவிட்டேன்.
பிறகு நர்ஸ் சொன்னாள்,
நாளைக்கு ஐந்து லிட்டர் குடிக்க வேண்டும்.
கால் கேன்! எனக்கு மட்டுமா?

அடுத்த கட்டிலில் ஹௌவா,
அவளுக்கு மூன்றாம் முறை.
ஒன்பதாம் இரவு அவள் எழுந்து
மெத்தையைத் தானே திருப்பிப் போட்டாள், சத்தமில்லாமல்.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.
அந்தச் சத்தமின்மையை எனக்குத் தெரியாதா.

பதினான்காம் நாள் மறுபடி நீலம்.
இரும, நடக்கச் சொன்னார்கள்.
ஒரு காலடி, ஒரு கோடு.
துணி வெள்ளையாகவே இருந்தது.
டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல்.

அன்றிரவு எனக்கு முட்டியது.
முட்டுகிறது என்று உடம்பு
முன்கூட்டியே சொன்னது,
நான்கு வருடம் பேசாதிருந்த ஒருத்தி
வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
எழுந்தேன். போனேன்.
வேண்டுமென்றே கொஞ்சம் அடக்கியும் பார்த்தேன்.

திரும்பியபோது இருட்டில் ஹௌவா:
"போனாயா?"
"போனேன்."

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "அந்தத் துணிகளை விட்டுட்டுப் போ."

பதினோரு துணிகள்.
விடியுமுன் குழாயடியில் எல்லாவற்றையும்
இன்னொரு தரம் அலசினேன்,
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு.